போடி மெட்டு ஏறுமா பேட்டரி கார்?

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எம்புட்டுத் தூரம்ணே ஓடும்?"

தேனியில் பேட்டரி கார் ஒன்று தெருவோரமாக வந்து நின்றால் போதும். டீக்கடை பெஞ்சிலிருந்து கிளம்பும் முதல் கேள்வி இதுதான். விலையை விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

கேட்பதில் தப்பே இல்லை. எட்டு லட்சம், பத்து லட்சம் என்று கொட்டிக் கொடுத்து வாங்குகிற வண்டி. ஒரு குடும்பம் பத்து வருடம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். வழியில் நின்றுவிட்டால் கேனைத் தூக்கிக்கொண்டு போய் பெட்ரோல் வாங்கி வருவது போல, கரண்டை வாங்கி வர முடியாது.

பதில் சொல்கிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். "முன்னூறு கிலோ மீட்டர் அசராம ஓடும்" என்பது ஒரு கட்சி. "நம்பி ஏறினா நடுரோட்டுலதான் நிக்கணும்" என்பது மறு கட்சி.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

60-ல் தொடங்கியது

பேட்டரி கார் நேற்று முளைத்த சரக்கு அல்ல. 1993-லேயே "லவ்பேர்டு" என்று ஒரு குட்டிக் கார் வந்தது. சாலக்குடியிலும் கோயமுத்தூரிலும் தொழிற்சாலை வைத்திருந்த கம்பெனி செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். ஒரு சார்ஜுக்கு 60 கிலோ மீட்டர். செங்குத்தான மேடு என்றால் மூச்சு வாங்கிவிடும். அது நிலைக்கவில்லை.

அடுத்து 2001-ல் பெங்களூரிலிருந்து "ரேவா" வந்தது. 80 கிலோ மீட்டர். ஊருக்குள் சுற்ற மட்டும்தான் உதவியது. வெளியூர் என்றால் வீட்டிலேயே நின்றது.

"பேட்டரி வண்டியா? அது விளையாட்டுச் சாமான்" என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்ததுதான். இன்னும் ஓயவில்லை. வண்டி மாறிவிட்டது. பேச்சு மாறவில்லை.

2022 செப்டம்பரில் டாடா கம்பெனி டியாகோ மின்சார காரை அறிவித்தது. ஆரம்ப விலை 8 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய். சின்ன பேட்டரி வண்டிக்கு 250 கிலோ மீட்டர், பெரிய பேட்டரி வண்டிக்கு 315 கிலோ மீட்டர் என்று சான்று. 2023 ஏப்ரலில் எம்.ஜி. கம்பெனியின் கோமெட் வந்தது. 7 லட்சத்து 98 ஆயிரத்தில் ஆரம்பம். 230 கிலோ மீட்டர் என்று சான்று.

இந்த எண்கள்தான் விளம்பரத் தட்டியில் யானை அளவுக்கு நிற்கின்றன.

மூன்றில் ஒரு பங்கு எங்கே?

அந்த எண்கள் பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அவை ரோட்டில் எடுத்த எண்கள் அல்ல. பரிசோதனைக் கூடத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழல விட்டு, குறித்த வேகத்தில் ஓட்டி எடுத்த எண்கள். அங்கே ஏ.சி. போடுவதில்லை. மேடு கிடையாது. எதிர்க்காற்று கிடையாது. உசிலம்பட்டி ரோட்டில் வருவது போல ஆட்டு மந்தை குறுக்கே வராது.

இதை வெளியாள் யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் டாடாவின் கர்வ் மின்சார கார் வந்தபோது, பெரிய பேட்டரி வண்டிக்குச் சான்று எண் 585. நிஜ ரோட்டில் எதிர்பார்க்கலாம் என்று அதே கம்பெனி சொன்ன எண் 400 முதல் 425 வரை.

கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணோம்!

சொன்னது நல்ல காரியம். பாராட்ட வேண்டும். ஆனால் விலை கூடிய வண்டியை வாங்குகிறவருக்கு மட்டும் உண்மை தெரிந்தால் போதுமா? கடன் வாங்கிச் சின்ன வண்டி எடுக்கிறவருக்குத்தானே அது முதலில் தெரிய வேண்டும்?

அதே கணக்கைச் சின்ன வண்டிகளுக்கும் போட்டால் 315 என்பது 210 ஆகிறது. 250 என்பது 165-ஐ ஒட்டி வருகிறது. 230 என்பது 150 சொச்சம்.

வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய எண்கள் இவைதான்.

தரையில் பயமில்லை

150 என்பது குறைவா?

தேனியிலிருந்து போடிக்கு 15 கிலோ மீட்டர். பெரியகுளத்துக்கு 17. கம்பத்துக்கு 40. தேனியில் குடியிருந்து பெரியகுளத்தில் வேலை பார்க்கும் டீச்சரம்மா தினம் போய்த் திரும்ப 34 கிலோ மீட்டர். நாலு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டாலே அவருக்குப் போதும். கம்பத்திலிருந்து தேனிக்குக் கொள்முதலுக்கு வந்து போகிற கடைக்காரருக்கு 80. சின்ன பேட்டரி வண்டியே அதைத் தாங்கும். நடுவில் சின்னமனூரில் இறங்கி ஒரு துக்கம் விசாரித்துவிட்டும் போகலாம்.

சார்ஜ் போட மாளிகை வேண்டாம். ஏ.சி. மாட்டுகிற 15 ஆம்பியர் பிளக் இருந்தால் போதும். சின்ன பேட்டரிக்கு ஏறக்குறைய 7 மணி நேரம், பெரியதற்கு 9 மணி நேரத்துக்குள். ராத்திரி படுக்கப்போகும்போது செல்போனைச் செருகுவது போலச் செருகிவிட்டுப் படுத்தால், கோழி கூவும் நேரத்தில் வண்டி தயார்.

கரண்டு பில் ஏறும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தினம் 50 கிலோ மீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 3,000 கிலோ மீட்டர். அதற்கு 340 யூனிட் போல ஆகும். ஏற்கனவே 300 யூனிட் ஓடுகிற வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் சலுகை குறையும், கட்டணப் படி உயரும். அப்படியும் பெட்ரோல் செலவோடு வைத்துப் பார்த்தால் லாபம்தான். ஆனாலும் முதல் பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வராமல் இருக்க, இதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஆக, சமவெளியில் அன்றாட ஓட்டத்துக்குத் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. சென்னைக்காரருக்கு இதோடு கதை முடிந்தது.

தேனிக்கு முடியவில்லை. இங்கே மேற்கே பார்த்தால் மலை!

மலைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும்?

போடியிலிருந்து போடி மெட்டு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவு.

ஏறுவதைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். மின்சார மோட்டாருக்கு எடுத்த எடுப்பிலேயே இழுவை உண்டு. பெட்ரோல் வண்டி முதல் கியருக்கு இறங்கி முனகுகிற வளைவில், பேட்டரி கார் சத்தமில்லாமல் ஏறிப் போகும். லாரிக்காரர்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஏறிய காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இது அதிசயமாக இருக்கும்.

ஆனால் கரண்டு எவ்வளவு போகும்?

வண்டி எடையும் நாலு ஆள் எடையும் சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே 3.8 யூனிட் வேண்டும். இது பூமியின் ஈர்ப்புக்குக் கட்டும் கப்பம். யார் ஓட்டினாலும் குறையாது. நடுவில் வீணாவதையும் சேர்த்தால் நாலே கால் யூனிட்டாவது போகும். சமவெளியில் அந்த நாலே கால் யூனிட்டுக்கு 37 கிலோ மீட்டர் ஓடியிருக்கும்.

அதாவது, ரோட்டுத் தூரத்துக்குச் செலவாவது போக, மலைக்கு மட்டும் தனியாக 37 கிலோ மீட்டரைக் கழித்துவிட வேண்டும். சின்ன பேட்டரியில் கால்வாசி அம்பேல்!

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகிறவருக்கு இதில் பாதி. அங்கே உயரம் ஏறக்குறைய 500 மீட்டர்தான். 22 கிலோ மீட்டர் ரோடு 40 கிலோ மீட்டர் போலக் கணக்காகும்.

இறங்கும்போது ஒரு சந்தோஷம் இருக்கிறது. பிரேக்குக்குப் பதிலாக மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். கொடுத்ததில் ஏறக்குறைய பாதி கைக்கு வரும். பெட்ரோல் வண்டி மலையிறங்கினால் டேங்க் நிறையுமா?

ஆனால் தோட்டத்து வீட்டில் ராத்திரி முழு சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்குகிறவர் கவனிக்க வேண்டும். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஏறாது. பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் கரண்டு திரும்பாது. மோட்டார் பிடிக்கும் பிடியும் தளரும். பிரேக்கைத்தான் நம்பி இறங்க வேண்டும். மலை உச்சியில் சார்ஜ் போடுகிறவர் கொஞ்சம் குறைத்தே போட வேண்டும். போடியிலும் கம்பத்திலும் இருந்துகொண்டு இடுக்கியில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, விற்கிறவர் சொல்ல வேண்டிய முதல் பாடம் இது.

ஏலக்காய் வியாபாரிக்கு மலை என்பது கோடை விடுமுறைச் சுற்றுலா அல்ல. இன்று போடியில் ஏலம், நாளை கம்பம் மெட்டு ஏறிப் புற்றடியில் ஏலம். அவருக்கு இது அன்றாட ஓட்டம். அவர் சின்ன பேட்டரி வண்டியை வாங்கினால், கண் ரோட்டில் பாதியும் மீட்டரில் பாதியுமாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். பெரிய பேட்டரியே அவருக்கு ஏற்றது.

நடுராத்திரி மதுரை

மலையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மதுரை.

தேனிக்காரர்கள் எதற்கெல்லாம் மதுரைக்குப் போகிறார்கள்? விளக்குத்தூணில் கல்யாண ஜவுளி எடுக்க. விமானத்தில் வருகிற மாப்பிள்ளையைக் கூட்டி வர. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரிக்கு. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இருந்தாலும் "மதுரைக்குக் கொண்டு போங்க" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அந்த ராத்திரி யாரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தேனியிலிருந்து மதுரைக்கு 76 கிலோ மீட்டர். போய்த் திரும்ப 152. சின்ன பேட்டரிக்கு 165 என்று கணக்கு. மிச்சம் 13! அதுவும் சாயங்காலம் முழு சார்ஜ் இருந்தால்தான். கோடையில் ஏ.சி. ஓடினால் மணிக்கு ஒரு யூனிட் வரை தின்றுவிடும். ஆடி மாதம் என்றால் இன்னொரு வம்பு. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. மேற்கே கணவாய் வழியாக வருகிற காற்று அப்படி. மதுரையிலிருந்து திரும்பும் வண்டி அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

கம்பத்துக்காரர் நிலைமை இன்னும் மோசம். போய்த் திரும்ப 230 கிலோ மீட்டருக்கு மேல். பெரிய பேட்டரியாலும் ஒரே மூச்சில் முடியாது. வழியிலோ மதுரையிலோ சார்ஜ் போட்டே ஆக வேண்டும். வேக சார்ஜர் என்றால் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற ஒரு மணி நேரம் போல ஆகும் என்று கம்பெனி சொல்கிறது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரத்தில் அது முடிந்துவிடும். ஆனால் சார்ஜர் அங்கே இருக்க வேண்டுமே!

பெட்ரோல் கார் வைத்திருப்பவர் என்றைக்காவது "என் டேங்க்குக்கு எத்தனை கிலோ மீட்டர்" என்று கேட்டுக் கவலைப்பட்டதுண்டா? இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு பங்க் இருக்கிறது. பேட்டரி கார்க்காரரின் பயம் பேட்டரியைப் பற்றியது என்று நினைப்பதே தவறு. அது பங்க் இல்லாத பயம்.

விதி சொன்னது 25 கிலோ மீட்டர்

இந்தப் பயத்தைப் போக்க வழி ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. 2022 ஜனவரியில் மத்திய மின்சார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி விதியில், நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் 25 கிலோ மீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி தேனி – மதுரை ரோட்டில் பக்கத்துக்கு மூன்று. தேனி – குமுளி ரோட்டில் பக்கத்துக்கு இரண்டாவது வர வேண்டும்.

பணமும் ஒதுக்கியாகிவிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய். கார்களுக்கென்று நாடு முழுக்க 22,100 வேக சார்ஜர்கள் வைப்பதாக அறிவிப்பு. சொந்தக் கார் வாங்குகிறவருக்கு இந்தத் திட்டத்தில் மானியம் ஒரு பைசா கிடையாது. அதனால் சார்ஜராவது கிடைக்க வேண்டாமா?

22,100-ல் தேனி மாவட்டத்துக்கு எத்தனை? எந்த எந்த இடத்தில்? கலெக்டர் அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.யும்தான். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, கம்பம், போடி முந்தல் என்று நாலு இடத்தில் ஒழுங்காக வேலை செய்கிற சார்ஜர் இருந்தால், மேலே போட்ட கணக்கில் பாதிப் பயம் அடிபட்டுப் போகும். "ஒழுங்காக வேலை செய்கிற" என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும். வைத்துவிட்டுப் போன சார்ஜர் கெட்டுக் கிடந்தால், அது இல்லாததை விட மோசம். நம்பி வந்தவர் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

கரண்டுக்கு இந்தப் பள்ளத்தாக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதுமில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து விழுந்து, லோயர் கேம்ப்பில் 1958 முதல் மின்சாரம் தருகிறது. மலையிறங்கி வந்த கரண்டு, காரில் ஏறித் திரும்ப மலைக்குப் போகட்டுமே!

யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

தேனி, போடி, பெரியகுளம் என்று ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் ஓடுகிறவர், வீட்டோடு நிறுத்த இடமும் பிளக்கும் உள்ளவர் — சின்ன பேட்டரி காரைத் தாராளமாக வாங்கலாம். வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கம்பம், கூடலூர்க்காரர்களும் மலைத் தோட்டக்காரர்களும் பெரிய பேட்டரிக்குக் குறைந்து வாங்கக் கூடாது. வீட்டில் இருப்பது ஒரே வண்டி, மாதம் நாலு தடவை மதுரை என்றால், வழியில் சார்ஜர் வரும் வரை பொறுப்பதே நல்லது.

சந்துக்குள் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காரைத் தெருவில் நிறுத்துகிறவருக்கு இப்போதைக்கு இது வேண்டாம். மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுகிற வேலை ஆபத்தானது. எத்தனை கிலோ மீட்டர் ஓடினாலும் அவருக்குப் பிரயோஜனமில்லை.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேட்டரிக்கும் வயசாகும். டியாகோ பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோ மீட்டர் என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். அதற்காக எட்டாம் வருடமும் புது வண்டி போலவே ஓடும் என்று அர்த்தமில்லை. இன்று 165 போதும் போதாததுமாக இருக்கிறவருக்கு, நாலைந்து வருடத்தில் நிச்சயம் போதாது.

தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியான வின்பாஸ்ட்டின் தொழிற்சாலையை 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். தமிழ்நாட்டு மண்ணிலேயே மின்சார கார் தயாராகிறது. பெருமைதான். ஆனால் அடுத்த மாதம் அவர்கள் அறிவித்த வி.எப்.6 காரின் ஆரம்ப விலையே 16 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய். 468 கிலோ மீட்டர் ஓடும் என்று சான்று. தூரம் வேண்டுமா, விலையை இரட்டிப்பாக்கு என்பதுதான் இன்றைய நிலை. கம்பத்துத் திராட்சை விவசாயிக்கு 8 லட்சத்தில் மதுரை போய்த் திரும்புகிற வண்டி வேண்டும். அதைச் செய்து காட்டுகிறவர் பின்னால் இந்தப் பள்ளத்தாக்கே போகும்.

அது வரும் வரை, வாங்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஷோரூமில் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்" என்று பைபாசில் இரண்டு கிலோ மீட்டர் விட்டுக் கூட்டி வருவார்கள். அதற்குச் சம்மதிக்கக் கூடாது. வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, முந்தலிலிருந்து போடி மெட்டுக்கு விடச் சொல்ல வேண்டும். முந்தலில் எத்தனை சதவீதம், மெட்டில் எத்தனை சதவீதம், திரும்ப முந்தல் வந்தபோது எத்தனை சதவீதம் — இந்த மூன்றையும் ஒரு சீட்டில் குறித்து, விற்கிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் அட்வான்சை எண்ணிக் கொடுக்கலாம்.